சோகையும் குருதிச் சோதனையும்

திருப்பூரில் பனியன் தொழிலால் வாழும் பகுதிகளுள் ஒன்று இராயபுரம். சென்னைத் துறைமுகத்தை அடுத்த இராயபுரம் வேறு. பெயர் ஒன்றாயினும் இடம் இரண்டு. திருப்பூர் இராயபுரத்தின் தெருக்களில், காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் வேலைக்கு விரையும் மகளிர் பலரைக் காணலாம். அவர்களுள் பதினெட்டு வயது நிரம்பிய ஒருத்தியை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். பகலெல்லாம் நின்றவாறே ஆடைகளில் பிசிறு வெட்டுவது அவள் வேலை. சில திங்களாகப் படியேறினால் அவளுக்கு மூச்சு இரைக்கிறது; தலை சுற்றுகிறது; கை தளர்கிறது. மேற்பார்வையாளர் அவளைச் சோம்பேறி என்கிறார். தாயோ, “பெண்ணாய்ப் பிறந்தால் இப்படித்தான் இருக்கும், கண்ணு” என்று ஆறுதல் கூறுகிறாள். கடுஞ்சொல்லைக் காட்டிலும் இவ்வாறுதலே பெருந்தீங்கு செய்வது. ஏனெனின், நோயை இயல்பென்று கொண்டவர் மருத்துவரை நாடுவதில்லை.

இந்நோயின் பெயர் சோகை. கரும்பின் உலர்ந்த தோகையையும் உழவர் சோகை என்றே வழங்குவர். பசுமை நீங்கி வெளுத்த இலைக்கும் செம்மை நீங்கி வெளுத்த உடம்புக்கும் ஒரே பெயர் பொருந்தி நிற்பது நம் மொழியின் நயம். கீழிமையைச் சற்றே தாழ்த்தி உட்புறத்தை நோக்கின், அவ்வெளுப்பு நன்கு தெரியும். ஆயினும் கண்ணால் கண்டது போதாது. குருதியைச் சோதித்தல் வேண்டும்.

குருதியின் செவ்வணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் உள்ளது. நாம் உட்கொள்ளும் மூச்சிலுள்ள உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்வது இதுவே. இதனை ஆக்குதற்கு இரும்பு வேண்டும். கருவுறாத மகளிர்க்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் சோகையுற்றவர். பாதிப்பேர்க்கு மேற்பட்டவரைப் பற்றிய நோயைச் சிலரது சோம்பல் எனல் எங்ஙனம் பொருந்தும்?

அப்பெண்ணின் சோதனைத் தாளில் ஹீமோகுளோபின் 8.6 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். பலர் அவ்வொரு வரியோடு நின்றுவிடுவர்; உடனே கடைக்குச் சென்று சத்து மருந்து ஒரு புட்டி வாங்குவர். சோகை என்பது நோயின் அடையாளமேயன்றிக் காரணம் அன்று. பின்னிய துணியில் ஓட்டை கண்டால், திருப்பூரில் எவரும் அதை மட்டும் அடைத்துவிட்டு அமைவதில்லை. எப்பொறியில் எவ்வூசி பழுது என்று தேடுகின்றனர். துணிக்குக் காட்டும் கருத்தைக் குருதிக்கும் காட்டல் வேண்டும்.

அதே தாளில் செவ்வணுவின் பருமனைக் குறிக்கும் எம்.சி.வி. என்னும் எண் இருக்கும். 80 முதல் 100 வரை இயல்பு. இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்து வெளுக்கும். ஃபோலிக் அமிலம் குறைந்தாலோ அவை பருக்கும். இவ்வேறுபாட்டின் வரலாறு நெசவுத் தொழிலாளரோடு தொடர்புடையது. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் கண்ட கொடிய சோகையை ஆராய்ந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆய்வு நடத்தினார். அப்பெண்களின் செவ்வணுக்கள் பருத்திருந்தன. ஈஸ்ட் சாறு உட்கொண்டபோது அச்சோகை நீங்கியதை 1931இல் அவர் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னரே புலனாயிற்று. எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அணு சிறுத்திருத்தலும் முடிந்த முடிபு அன்று. பெற்றோர்வழி வரும் தலசீமியாக் குறையிலும் அணுக்கள் சிறுக்கும். குறையே இல்லாத இரும்பை அங்கு வாளா ஊட்டுதல் தகாது. உடலின் இரும்புச் சேமிப்பை அறியப் ஃபெரிட்டின் சோதனை உதவும். வீட்டுக் குதிரில் நெல் தீர்ந்த பின்னரே அடுப்பு அணைவது போல, முதலில் சேமிப்பு தீரும். ஹீமோகுளோபின் பின்னர்த்தான் இறங்கும். ஆகவே ஹீமோகுளோபின் 12 இருந்தும் குதிர் காலியாயிருத்தல் கூடும். காய்ச்சலும் அழற்சியும் உள்ளபோது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனையும் மருத்துவர் கருதுவர்.

இரும்பு ஏன் குறைந்தது? உடம்பு பழைய அணுக்களின் இரும்பை வீணாக்காது மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே பெரும்பாலும் குருதி வெளியேறுவதே இழப்பிற்கு வழி. மாதவிடாயில் மிகுதியாகக் குருதி போதலை நாணத்தால் மறைக்கும் பெண்கள் பலர். வெறுங்காலுடன் நடப்போரின் தோல்வழிப் புகும் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சும். உணவும் ஒரு காரணம். உண்டவுடன் தேநீர் பருகினால், உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நல்லனவே. அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் மேலும் நன்று. ஆயினும் 8.6க்கு இறங்கிய பின், கீரையால் மட்டும் ஈடுசெய்வேன் என்பது வீண் பிடிவாதம். மருத்துவர் அளவிட்டுத் தரும் மாத்திரை வேண்டும்.

இதற்கெல்லாம் அப்பெண்ணுக்குப் பொழுது வேண்டும். ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைக் கூலி போகும் என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. ஏற்றுமதிக்குச் செல்லும் ஒவ்வோர் ஆடையையும் திருப்பித் திருப்பிச் சோதிப்பதற்கு ஆள் வைக்கும் முதலாளிகள், அவற்றைச் சோதிக்கும் பெண்ணின் குருதியைச் சோதிக்கக் கூலியுடன் அரைநாள் விடுதல் பெருஞ்செலவாகாது. இது கருணை அன்று, கடமை.

மாத்திரை தொடங்கியபின் மலம் கறுத்தல் இயல்பு. அதற்கு அஞ்சி நிறுத்துவோர் உளர். ஒரு திங்கள் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். ஹீமோகுளோபின் ஒரு கிராமேனும் ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ஏறவில்லையெனில், அவள் மாத்திரையை ஒழுங்காக உண்டாளா என்று கேட்பதோடு, வேறு காரணமும் தேடுவர். எண் 12ஐத் தாண்டிய பின்னரும் சில திங்கள் மாத்திரை தொடரும். குதிர் நிரம்ப வேண்டுமன்றோ?