மூக்கே போதும் என்கிறவருக்கு

கொல்கத்தா சால்ட் லேக்கில் வீட்டு மொட்டைமாடியிலேயே நீச்சல் குளம் கட்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவர், குளத்துத் தண்ணீரை வீட்டில் சோதிப்பது வீண் வேலை, சோதனைக் கிட் என்பதே கடைக்காரர்களின் பித்தலாட்டம் என்று சென்ற இதழில் மூன்று பக்கம் எழுதியிருந்தார். குளம் அவருடையது, காசும் அவருடையது. ஆனால் அந்தத் தண்ணீரில் இறங்குவது அவருடைய பேரக்குழந்தைகள். அதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக் கிளம்பப் போவது நம் வாசகர்கள். பேசாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய பிரம்மாஸ்திரம் இது: ஒரு டின் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுச் சோதித்தாராம், குழாயில் மாத்திரையைப் போட்டும் நிறமே வரவில்லையாம், ஆகவே கிட் மோசடியாம். கிட் சரியாகத்தான் இருந்தது. டி.பி.டி. மாத்திரை குளோரினைக் கண்டால் இளஞ்சிவப்பாகும். குளோரின் 10 பி.பி.எம்.மைத் தாண்டி எகிறிவிட்டால் அந்தச் சிவப்பையே அது வெளுத்துவிடும். மாத்திரை கரையும்போது உற்றுப் பார்த்திருந்தால் சிவப்பு ஒரு கணம் மின்னி மறைந்தது தெரிந்திருக்கும். குளத்து நீரில் பாதியும் காய்ச்சி வடித்த நீரில் பாதியும் கலந்து மறுபடி சோதித்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்கியிருந்தால் உண்மை வெளிவந்திருக்கும். அப்போதும் வெளுத்தால் இன்னும் நீர்க்கச் செய்ய வேண்டியதுதான். வீட்டுக் குளத்துக்கு 1 முதல் 3 பி.பி.எம். போதும். நம் அன்பர் செய்தது என்ன? குளோரின் காணவில்லை என்று இன்னும் அரை டின் கொட்டினார். மாலையில் பேரப்பிள்ளைகள் ஆனந்தமாகக் குளித்தார்கள் என்று பெருமை வேறு. பிள்ளைகளின் கண் எப்படி இருந்தது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

அடுத்தது மூக்கு. குளத்தருகே போனாலே குளோரின் வாடை அடிக்கிறது, இதற்கு மேல் என்ன சோதனை என்கிறார். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை அவ்வளவாக இருக்காது. மூக்கைத் துளைப்பது குளோரமின். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாவது அது. கிருமியைக் கொல்லும் வேலையில் மகா மந்தம். குளித்துவிட்டு வந்த பிள்ளையின் கண் சிவப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். அதாவது வாடை பலமாக அடித்தால், போட்ட குளோரினில் கணிசமான பங்கு வீணாகிவிட்டது என்று கொள்ள வேண்டும். மலிவான கிட்டில் வரும் மஞ்சள் சொட்டு மருந்து குளோரின், குளோரமின் இரண்டையும் சேர்த்தே காட்டும், அதனால் அதுவும் ஏமாற்றும். இரண்டையும் பிரித்துச் சொல்வது டி.பி.டி. கிட்தான். அதைத்தான் அவர் குப்பையில் போட்டார்.

தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறதாம். இருக்கட்டும். பி.எச். 7.5 உள்ள நீரில் 1 பி.பி.எம். குளோரின் இருந்தால் ஈ.கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸுக்குச் சுமார் 16 நிமிடம், ஜியார்டியாவுக்கு 45 நிமிடம் ஆகும். கிரிப்டோஸ்போரிடியம் பத்து நாளுக்கு மேல் தாக்குப் பிடிக்கும். இவற்றில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. பி.எச். ஏறினால் கணக்கே மாறும்: 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமாக வேலை செய்யும், 8இல் கால் பங்குதான். பிளீச்சிங் பவுடரோ பி.எச்.சை ஏற்றும் சரக்கு. டின் டின்னாகக் கொட்டுகிறவர் பி.எச். பார்க்காமல் இருப்பதற்குத் துணிச்சல் என்று பெயரில்லை.

பவுடர் போட்டதும் தண்ணீர் டீ நிறமானது, போலிச் சரக்கு என்று கடைக்காரரையும் வைதிருக்கிறார். பாவம் அந்தக் கடைக்காரர். கொல்கத்தாப் பக்கத்து டியூப்வெல் தண்ணீரில் இரும்பு உண்டு என்பது குளியலறை மொசைக்கில் செங்காவிக் கறையைத் தேய்த்துத் தேய்த்து அலுத்த எந்த வீட்டுக்காரிக்கும் தெரியும். கரைந்திருக்கும் இரும்பு குளோரின் பட்டதும் துருவாகிப் பிரிகிறது, அவ்வளவுதான். பில்டரை ஓடவிட்டு, அடியில் தங்கியதை உறிஞ்சி எடுத்தால் தீர்ந்தது. இவர் படிகாரத்தைக் கைநிறைய அள்ளிப் போட்டிருக்கிறார். அது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பி.எச்.சைக் கீழே தள்ளும். ஆடி ஆவணி மழையும் அதையே செய்யும். பத்தாயிரம் லிட்டருக்கு 170 கிராம் சமையல் சோடா போட்டால் காரத்தன்மை 10 பி.பி.எம். ஏறும், 80 முதல் 120 வரை இருக்கலாம். ஆனால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால்தானே எவ்வளவு போடுவது என்று தெரியும்!

கடைசியில் பாட்டன் பூட்டனை இழுக்கிறார். கங்கையில் முங்கியவர்கள் கிட் வைத்திருந்தார்களா, 1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ஆரத்தி சாஹா பி.எச். பார்த்தாரா என்று கேட்கிறார். ஆரத்தி சாஹா நீந்தியது கடலில், ஐயா. பத்துப் பிள்ளைகள் ஒரே தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறும் மொட்டைமாடித் தொட்டியில் அல்ல. கங்கையைப் பற்றிக் கேட்டால், மேற்கு வங்கத்தில் அது ஓடும் நீளம் முழுக்கக் குளிக்கத் தகுதியற்றது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2024இல் சொல்லிவிட்டது.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. தொட்டுப் பார்க்கும் பட்டைகள் இந்த ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டுப்போகும். மூடியை இறுக்காத டப்பாவை நம்ப வேண்டாம். சொட்டு மருந்தும் மாத்திரையும் உள்ள கிட்டை, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். தண்ணீரை மேலாக அள்ளாமல் முழங்கை ஆழத்தில், குழாய் வாயிலிருந்து தள்ளி எடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் குளோரின் மாத்திரையையும் எக்காரணம் கொண்டும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், வெடிக்கும். குளத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டி, குளோரின், பி.எச். இரண்டையும் தினமும் எழுதுங்கள். எழுதாத நாளில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.