ஜின்னின் மேல் ஏற்றிய பழி

“நம் வீட்டுப் பெண்மக்கள் ஜின்னைக் காதலிக்கும் கதைகளை எழுதத் தொடங்கிவிட்டனரே! இந்த இருட்டுச் சரக்கு எங்கிருந்து வந்தது?” என்று வருந்துவோர் இன்று நம் ஊர்களில் பலர். விடையையும் அவர்களே கையோடு கொண்டு வருகின்றனர். மேனாட்டிலிருந்து வந்ததாம், இரத்தக்காட்டேரியை மணக்கும் ஆங்கிலப் புதினங்களைப் படித்ததால் வந்ததாம், கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் வீடு தூய்மையாகிவிடுமாம். எழுதும் இளையோரைக் கேட்டாலோ, “கற்பனைக்கு ஏது ஊர்? மனத்தில் தோன்றியது, எழுதினோம்” என்கின்றனர். இவ்விரண்டு விடைகளையும் நாம் ஏற்கவில்லை. முன்னது வரலாறு அறியாமை. பின்னது பொறுப்பைத் தட்டிக்கழித்தல். இரண்டிலும் பின்னதே கொடிது என்பது நம் கருத்து.

முதலில் இந்த இறக்குமதிக் கதையைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கப் பெண்மணி ஸ்டெஃபனி மேயர் 2005-இல் வெளியிட்ட ‘டுவைலைட்’ என்னும் புதினமே இவ்வகைக் காதற்கதைகளை உலகெங்கும் பரப்பியது. 2003 ஜூன் மாதத்தில் தாம் கண்ட கனவொன்றே அதன் வித்து என்று அவர் கூறியிருக்கிறார். கனவுக்கும் ஒரு வித்து வேண்டுமல்லவா? அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1897-இல், அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் ‘டிராகுலா’வை எழுதிவிட்டார். அவருக்கும் முன்பாக லெ ஃபனுவின் ‘கார்மில்லா’ 1872-இலும், போலிடோரியின் ‘வாம்பயர்’ 1819-இலும் வந்துள்ளன. இந்த வரிசையின் ஓரத்தில் நமக்கு அறிமுகமான ஒருவரும் நிற்கிறார். ‘ஆயிரத்தோர் இரவுகளை’ ஆங்கிலத்தில் பெயர்த்த ரிச்சர்ட் பர்ட்டன் அவர். விக்கிரமாதித்தனின் வேதாளக் கதைகளை 1870-இல் ஆங்கிலமாக்கியபோது, மரத்தில் தலைகீழாய்த் தொங்கும் நம் வேதாளத்துக்கு அவர் இட்ட பெயர் ‘வாம்பயர்’! ஸ்டோக்கர் இந்த பர்ட்டனை நேரிற் கண்டு பழகியவர்; அவர் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் தெரிந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியும் வைத்தார். அந்தக் கோரைப்பல்லிலிருந்தே டிராகுலா பிறந்தான் என்று சாதிக்க நாம் வரவில்லை. ஆயினும் காட்டேரி முழுவதும் மேனாட்டுப் பிறவி என்போர் சற்று நிதானிக்க வேண்டும்.

ஆங்கிலேயர் பிணந்தின்னிப் பேயைக் குறிக்க வழங்கும் ‘கூல்’ என்னும் சொல் அரபுச் சொல்லே. 1786-இல் வெளிவந்த பெக்ஃபோர்டின் ‘வாத்தெக்’ என்னும் கதை அதனை ஆங்கில வாசகரிடையே பரப்பிற்று. ஜின்னையோ, 1704 முதல் ‘ஆயிரத்தோர் இரவுகளை’ப் பிரெஞ்சில் வெளியிட்ட கலான் ‘ஜெனீ’ ஆக்கினார். ஓசை ஒத்திருந்தது, அவருக்கு அது போதுமாயிற்று. கீழைநாட்டிலிருந்து போன சரக்குத்தான் மேலுறை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. சுங்கச்சாவடியில் நின்று கூச்சலிடுவோர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் தம் பாட்டியின் கைவேலையைக் காண்பர்.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டுவதில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள புதுச்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். சத்திரம் என்றாலே வழிப்போக்கர் தங்குமிடம். வழிப்போக்கர் தங்குமிடத்தில் கதைகளும் தங்கும். லாரித் தொழிலால் பெயர்பெற்ற வட்டாரம் அது. இரவில் வண்டியோட்டுவோர் கூடுமிடத்தில், சாலையோரப் புளியமரத்தடியில் வெள்ளைச்சேலை உடுத்து நின்று கைகாட்டும் பெண்ணைப் பற்றிய பேச்சு எழாமல் இராது. அவளை நேரிற் கண்டவர் யாரும் இரார். கண்டவரை அறிந்தவர் பலர் இருப்பர். அவ்வூருக்குக் கிழக்கே நைனாமலை; அதற்கும் அப்பால் கொல்லிமலை. தமிழில் பயங்கரமும் காதலும் கலந்த கதைகளுள் மிகப் பழையதொன்று அந்த மலையைச் சேர்ந்தது.

கொல்லிப்பாவையைத்தான் சொல்கிறோம். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இப்பாவை வருகிறாள். அங்கே அவள் தலைவியின் பேரழகுக்கு உவமை. தன்னை நாடி வருவோரைக் கண்டு நகைத்து, அந்நகையாலேயே மயக்கிக் கொன்றுவிடுவாள் என்பது பிற்கால வழக்கு விரித்துரைப்பது. உவமையாக இருந்த அழகு எப்போது கொலைக்கருவியாயிற்று? பாவை மாறவில்லை; அவளைப் பார்த்த ஆடவரின் அச்சம் மாறியது. புளியமரத்து வெள்ளைச்சேலைப் பெண்ணும் அதே அச்சத்தின் மகளே. நள்ளிரவில் தனியே நிற்கும் ஒரு பெண்ணுக்கு அவ்வழியே வரும் வண்டியால் என்ன நேரும் என்பதை எவரும் கதையாகச் சொல்லவில்லை. வண்டியோட்டுபவனுக்கு அவளால் என்ன நேரும் என்பதையே சொன்னார்கள்.

ஆனால் பழையனூர் நீலியின் கதை வேறு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் அக்கதையில், கணவன் மனைவியைக் கொல்கிறான். கொலையுண்டவள் மறுபிறவியில் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவியின் உருவில் வந்து அவன் மேல் வழக்காடிப் பழி தீர்க்கிறாள். அவளது சொல்லை நம்பிப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர் தீப்பாய்ந்து மாள்கின்றனர். ‘நீலி’ என்னும் பெயரை வசைச்சொல்லாக்கி நாம் வழங்குவது வேறு கொடுமை. கதை கூறுவதை மட்டும் கேட்போம். அங்கே இருட்டு வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒரு கணவனின் கையிலிருந்து வந்தது. குற்றம் இன்னது, செய்தவன் இன்னான் என்பதை அக்கதை ஒளிக்கவில்லை.

நம் மார்க்க மரபுக்கு வருவோம். ஜின்கள் உண்டென்பது நம் ஈமானைச் சேர்ந்தது. திருமறையின் எழுபத்திரண்டாம் அத்தியாயம் அவர்களின் பெயராலேயே அமைந்தது. ஓதக் கேட்டு நம்பிக்கை கொண்ட ஜின்களையும் அது பேசுகிறது. சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஏவல் செய்த ஜின்களை அறியாத முஸ்லிம் குழந்தை இல்லை. பல்கீஸ் அரசியின் தாய் ஜின் இனத்தவள் என்னும் கதையோ நபிமார் வரலாறுகளைத் தொகுத்த பழைய ஏடுகளில் உண்டு. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்னும் தாமிரப் பட்டணத்துக் கதையை அரபுத் தமிழில் தந்தார்கள். 1879-இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரத்துக்கும் இது முந்தியது என்று நம் அறிஞர் சிலர் வாதிட்டுள்ளனர். அந்த வழக்கில் நாம் இப்போது இறங்கவில்லை. அரபு இரவுக் கதைகளில் அப்பட்டணத்துக் கதை எப்படி அமைந்திருக்கிறது? சுலைமான் நபி (அலை) முத்திரையிட்டு ஜின்களை அடைத்த செப்புக் குடங்களைத் தேடிச் சென்றோர், ஆளில்லா நகரொன்றில் உயிருள்ளவள் போல் வீற்றிருக்கும் இறந்த அரசியைக் காண்கின்றனர். அவளது அணிகலனைக் கழற்றக் கை நீட்டியவன் காவற் பாவைகளால் வெட்டுண்டு விழுகிறான். கொல்லிமலைப் பாவைக்கும் இவளுக்கும் எத்துணை நெருங்கிய உறவு! பேராசையே அங்கே குற்றம். அதற்குரிய ஆளும் அங்கேயே கிடக்கிறான்.

மனிதரும் ஜின்னும் மணம் புரிதல் பற்றி நம் சட்ட அறிஞர்கள் பேசாமலும் இல்லை. ஹிஜ்ரி 769-இல் (கி.பி. 1367) மறைந்த காஜி பத்ருத்தீன் ஷிப்லீ, ஜின்கள் பற்றிய சட்டங்களைத் திரட்டிய தம் நூலில் ஒரு செய்தியை எடுத்துரைக்கிறார். ஜின் ஒருவன் தங்கள் பெண்ணை முறைப்படி மணக்கக் கேட்பதாக யமன் நாட்டவர் சிலர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கருத்து வினவினராம். மார்க்கத்தில் அதற்குத் தடை காணவில்லை, ஆயினும் அதைத் தாம் வெறுப்பதாக இமாமவர்கள் விடை தந்தார்களாம். காரணம் யாதெனில், கருவுற்ற பெண்ணொருத்தியிடம் உன் கணவன் யார் என்று கேட்டால் ஜின் என்று சொல்லிவிடுவாள். அதனால் சமுதாயத்தில் குழப்பம் மிகும் என்பதே.

இவ்விடையைப் படிக்கும்தோறும் நாம் வியக்கிறோம். அதிலுள்ள அச்சம் ஜின்னைப் பற்றியதன்று. ஜின்னைத் திரையாக்கிக்கொண்டு மனிதர் தப்புவதைப் பற்றியது. பெண் பொய் சொல்லக்கூடும் என்றே பலர் இதற்குப் பொருள் கொள்வர். அந்தப் பொய்யால் மறைகிறவன் யார் என்று நாம் கேட்கிறோம். அவள் வாயில் அந்தச் சொல்லை வைத்தவன் யார் என்றும் கேட்கிறோம்.

இன்றைய ஜின் காதற் கதைகள் பலவற்றின் மேல் நம் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. அவற்றின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. கதாநாயகிக்குப் பதினெட்டு வயது. கண்ணுக்குப் புலப்படாத ஒருவன் அவளது அறைக்குள் இசைவு கேளாமல் புகுகிறான். அவளோடு பேசிய வகுப்புத் தோழனின் கையை ஒடிக்கிறான். “நீ எனக்குரியவள்” என்கிறான். வீட்டுக்கு வெளியே அவளைச் செல்ல விடுவதில்லை. அழுதால் அழுகை அழகாக இருப்பதாகச் சொல்கிறான். பதினைந்தாம் அத்தியாயத்தில் அவள் அவனை நேசிக்கத் தொடங்கிவிடுகிறாள், வாசகியரும் உருகுகின்றனர். இப்போது அவனிடமிருந்து புகையையும் நெருப்புக் கண்ணையும் நீக்கிவிட்டுப் பாருங்கள். எஞ்சி நிற்பவன் யார்? பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியவன். “படித்தது போதும்” என்று புத்தகப் பையைப் பரணில் போட்ட அண்ணன். முகம் பாராமல் முடித்துவைக்கப்பட்ட மாப்பிள்ளை. இவர்களுள் ஒருவனையேனும் பெயர் சொல்லிக் காட்ட எழுதுபவளுக்குத் துணிவு வரவில்லை. ஆகவே பழி ஜின்னின் மேல் ஏறுகிறது. ஏறிய பழி காதலாகவும் மாறிவிடுகிறது!

தன் விருப்பமின்றித் தந்தை முடித்த திருமணத்தைப் பற்றி கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அந்த நிகாஹை நீக்கிவிட்டார்கள் என்பதை புகாரீ ஷரீபில் காண்கிறோம். மனிதனுக்கே இந்தச் சட்டம். ஜின்னுக்கு மட்டும் ஏன் விலக்கு அளிக்கின்றனர் நம் எழுத்தாளர்கள்?

“கதைதானே” என்பர். இப்பழி ஏட்டோடு நின்றிருந்தால் நாமும் புன்னகைத்துப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். மணம் பேசிய நாள் முதல் ஒரு பெண் உண்ண மறுக்கிறாள், பேச மறுக்கிறாள், இரவில் அலறுகிறாள். வீட்டார் உடனே சொல்வது என்ன? “ஜின் பார்வை பட்டிருக்கிறது; அவள் மேல் ஆசை கொண்டுவிட்டது.” தாயத்து வருகிறது, தகடு வருகிறது, ஓதுபவர் வருகிறார். அவளிடம் “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பவர் மட்டும் வருவதில்லை. ஓதிப் பார்ப்பதை நாம் இகழவில்லை. ஓதுதல் நமக்கு ஷிஃபாதான். ஓதிய பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதை எந்த ஆலிம் தடுத்தார்? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. தீ பரவியபோது அவர்கள் ஓட முடியவில்லை, கால்களில் சங்கிலி. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்த பின்னர்தான் நாடு விழித்தது. எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தெளிவாகவே தடுத்துவிட்டது. ஜின் பிடித்ததென்று அந்தச் சங்கிலியைப் பூட்டிய கைகள் எந்த ஜின்னின் கைகள்? இந்தக் கேள்வியைக் கேட்கத் துணியும் கதையே இருட்டுக் கதை என்னும் பெயருக்குத் தகுதியுடையது. பூட்டியவனை அழகனாக்கி மாலையிடும் கதை, தாயத்துக்காரரின் வேலையையே மை கொண்டு செய்கிறது.

ஆகவே தடுத்துவிடுவோம் என்று எழுந்து நிற்கும் பெரியோர்களே, சற்று அமருங்கள். உங்கள் மேலும் வழக்கு உண்டு. மகள் எழுதிய குறிப்பேட்டைக் கிழித்து அடுப்பில் இடுவதால் அவளது இருட்டு எரிவதில்லை. இருட்டு அந்தத் தாளிலிருந்து வரவில்லை. உங்கள் வீட்டு நடையிலிருந்து வந்தது. அவள் ஜின் என்று எழுதியதைப் படித்துவிட்டு ஷிர்க் என்று பதறுகிறீர்கள். கதவைத் தாழிட்டான் என்று எழுதியதைப் படித்துவிட்டு ஏன் பதறவில்லை? சல்மா அவர்கள் பருவமெய்திய பின் பள்ளியினின்று நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் மறைந்து எழுதியே எழுத்தாளரானவர். 2004-இல் வந்த அவரது ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் அடைபட்ட பெண்களின் மனங்களைத் திரையின்றிக் காட்டினார். அப்போது நம்மவர் சினந்தனர். திரையின்றி எழுதினால் சினம். திரையிட்டு எழுதினால் தடை. பின் அவள் எதைத்தான் எழுதுவாள்? மீலாது விழாவுக்கு வாழ்த்துக் கவிதை மட்டுமா?

எழுதும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். வாசகர் இதையே விரும்புகின்றனர் என்று நீங்கள் கூறுவதை நாம் நம்புகிறோம். அடக்கப்பட்ட பெண் தன்னை அடக்குபவனின் நெஞ்சில் காதல் ஒளிந்திருப்பதாக நம்ப விரும்புவாள். அவ்வாறு நம்பாவிடின் அவளால் அந்த வீட்டில் ஓர் இரவைக் கழிக்க இயலாது. அந்த விருப்பத்தை விற்றுக் காசாக்குவதும், அதனை எடுத்து வெளிச்சத்தில் வைப்பதும் வெவ்வேறு தொழில்கள். ஜின்னை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நன்றாக எழுதுங்கள். அவன் வரட்டும், வாசலில் நிற்கட்டும். பதினைந்தாம் அத்தியாயத்தில் அவள் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் பதினாறாம் அத்தியாயம் என்னவாகும் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். அவ்வாறு எழுதப் பழைய கதைகளிலேயே துணை இருக்கிறது. ‘ஆயிரத்தோர் இரவுக’ளில் வரும் சைபுல் முலூக் மிசிர் நாட்டு அரசிளங்குமரன், சுலைமான் நபி (அலை) அளித்த அங்கியில் தீட்டியிருந்த ஓர் உருவத்தைக் கண்டு, அதற்குரியவளான ஜின் அரசன் மகள் பதீஉல் ஜமாலின் மேல் மையல் கொண்டவன். கடலிலும் காட்டிலும் பலகாலம் அலைந்து அவளைக் கண்டடைகிறான். கண்டதும் தூக்கிச் செல்லவில்லை. அவளும் மனம் இசைந்த பின், அவளே வழிகாட்ட, அவளுடைய பாட்டியம்மாளிடம் சென்று சலாம் கூறிப் பெண் கேட்கிறான்.