‘யாரு செஞ்சா?’ என்று கேட்காதீர்கள்

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, “நான் சூனியக்காரி, உன் மேல ஏவி விட்டுட்டேன்” என்று சொன்னால் அதற்குப் பெயர் விளையாட்டு. அதைக் கேட்டுவிட்டு நாம் போய்த் தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டு, “அந்தப் புள்ளைக்கு டி.சி. குடுத்து அனுப்புங்க, இல்லன்னா எம் புள்ளைய நான் அனுப்ப மாட்டேன்” என்று சத்தம் போடுகிறோமே, அதற்கு என்ன பெயர் வைப்பது? பென்னாகரமா, அரூரா, பாலக்கோடா என்று ஊரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அது அந்த ஊர்ச் சங்கதி என்று மற்றவர்கள் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

அந்த விளையாட்டை நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? துப்பட்டாவைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொள்வாள். ஒடித்த வேப்பங்குச்சிதான் மந்திரக்கோல். கண்ணுக்குக் கீழே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. மண்ணிலும் ஒரு கோடு போட்டு, “இதைத் தாண்டினா ரத்தம் கக்குவ” என்பாள். நாலு பிள்ளைகள் வீலென்று கத்திக்கொண்டு ஓடும். கொஞ்ச நேரத்தில் அதே நாலும் திரும்பி வந்து கோட்டோரமாக நின்று, மறுபடி எப்போது துரத்துவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பயப்படுவதில் ஒரு ருசி இருக்கிறது, அதைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். மணி அடித்தால் சூனியக்காரி குச்சியை எறிந்துவிட்டு எல்லோரோடும் வரிசையில் போய் நின்றுவிடுவாள்.

கெட்ட நேரமாக, அந்த நாலில் ஒன்றுக்கு மறுநாள் காய்ச்சல் வரும். அங்கேதான் நாம் உள்ளே நுழைகிறோம். தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்னால் கேட்கிறோம்: “யாருடி உன்ன என்ன சொன்னா?” பிள்ளை ஒரு பெயரைச் சொல்லும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியவர்கள் கோடாங்கி வீட்டுக்குப் போகிறோம். அவர் உடுக்கையை அடித்துவிட்டுக் கேட்பதும் அதே கேள்விதான். வேப்பிலை அடித்து, தாயத்துக் கட்டித் திரும்பும்போது, மண்ணில் போட்ட கோடு ஊருக்குள் போட்ட கோடாகிவிடுகிறது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

இதை அவள் எங்கே கற்றாள் என்று ஆசிரியர்களைக் கேட்கிறீர்கள். வீட்டைக் கேளுங்கள். 2005-ல் வந்த ‘சந்திரமுகி’யை, அதற்கு வெகு காலம் கழித்துப் பிறந்த பிள்ளைகள் டி.வி.யில் பார்த்து அசலாக நடித்துக் காட்டுகிறார்கள். மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை வந்தால், காளி வேஷம் தெரியட்டும் என்று அவர்களைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் நாம்தான். வேஷத்தைக் குறை சொல்லவில்லை, அது நம் ஊர்த் திருவிழா, நானும் போய்ப் பார்க்கிறவன். குறை நம் வாயில் இருக்கிறது. மாடு பால் குறைத்தால் ‘கண்ணு வச்சுட்டா’. மகன் மனைவி பேச்சைக் கேட்டால் ‘மருந்து வச்சுட்டா’. ‘வச்சுட்டான்’ என்று ஓர் ஆம்பிளையைச் சொல்லி எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒரு பெண்தான், அதிலும் புருஷனை இழந்தவள், தனியாக இருக்கிறவள், நமக்கு ஆகாதவள். பிள்ளைகள் சோறு தின்றுகொண்டே இதையெல்லாம் கேட்கிறார்கள்.

‘யாரு?’ என்று பெரியவர்கள் கேட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியில் சேலம் என்றொரு கிராமம். (1965 வரை நம் தர்மபுரியையும் தன்னோடு வைத்திருந்த சேலம் இல்லை.) 1692-ல் அங்கே பாதிரியார் வீட்டில் ஒன்பது வயது மகளுக்கும் பதினொரு வயது உறவுக்காரப் பெண்ணுக்கும் உடம்பு முறுக்கிக்கொண்டது, அலறினார்கள். பார்த்த வைத்தியர், இது கெட்ட சக்தியின் வேலை என்று சொல்லிவிட்டார். உடனே பெரியவர்கள் கூடி நின்று, யார், யார் என்று பிள்ளைகளைக் குடைந்தார்கள். முதலில் வந்த பெயர்கள் மூன்று. ஒருத்தி அந்த வீட்டிலேயே வேலை செய்த அடிமைப் பெண். ஒருத்தி வீடு வீடாகக் கையேந்திய ஏழை. இன்னொருத்தி நோயில் விழுந்து தேவாலயத்துக்கு வராமல் இருந்தவள். பெரியவர்கள் ஏற்கெனவே யாரைப் பற்றிக் கசப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்களோ, அவர்களைத்தான் பிள்ளைகள் கை காட்டினார்கள்.

அந்தக் கையேந்திய பெண்ணுக்கு நாலைந்து வயதில் டாரதி என்று ஒரு மகள் இருந்தாள். அவளையும் பிடித்து வந்து விசாரித்தார்கள். என்னிடம் ஒரு குட்டிப் பாம்பு இருக்கிறது, அம்மா கொடுத்தது, அது என் விரலில் பால் குடிக்கும் என்று அந்தக் குழந்தை சொன்னது. நம் வீட்டுப் பிள்ளை சொல்லியிருந்தால் அள்ளி முத்தம் கொடுத்திருப்போம். அங்கே நீதிபதிகள் அதை வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள். தாயைத் தூக்கில் போட்டார்கள். குழந்தை மாதக்கணக்கில் சங்கிலியோடு சிறையில் கிடந்தது. வெளியே வந்த பிறகும் அவள் புத்தி தேறவே இல்லை என்று தகப்பன் 1710-ல் அரசுக்கு எழுதினார். மொத்தம் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒரு கிழவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். குற்றம் சாட்டிய சிறுமிகளில் ஒருத்தியான ஆன் பட்னம், வளர்ந்து பெரியவளாகி, 1706-ல் தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாள்.

அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் ஒருத்தியின் பெயரில் இருந்த களங்கம் மட்டும் துடைக்கப்படாமலே இருந்தது. எலிசபெத் ஜான்சன், அப்போது 22 வயது. 2022-ல்தான் அவள் குற்றமற்றவள் என்று சட்டப்படி அறிவித்தார்கள். அதற்காக மனு எழுதி அலைந்தவர்கள் அதே பகுதியில் நார்த் ஆண்டோவர் ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியையும்.

அது வெள்ளைக்காரர் கதை, அந்தக் காலம் என்கிறீர்களா? அதே 2022 ஜூலையில் உத்தராகண்ட் மாநிலம் பாகேஷ்வர் மாவட்டத்தில் ரைகோலி கிராமத்து அரசுப் பள்ளியில் ஒரு பெண் அலறி அழ, அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி என்று பரவியது. வீடியோவை நாடே பார்த்தது. பெற்றோர்கள் கேட்டது பூசாரியை. வந்து பார்த்த மருத்துவர்கள், மன அழுத்தம் ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றுவது இது என்றார்கள். பிள்ளைகள் நடிக்கவில்லை, பேயும் பிடிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது என்பதே நமக்குப் புரிவதில்லை.

புரிந்துகொண்ட ஒரு தாயைச் சொல்கிறேன். அஸ்ஸாமில் கோல்பாரா மாவட்டத்துக் கிராமத்துப் பெண் பிருபாலா ராபா. 1980-களில் அவர் மகன் நோயில் விழுந்தான். ஊர் மந்திரவாதி, இவனை ஒரு மோகினி பிடித்திருக்கிறாள், மூன்று நாளில் செத்துவிடுவான் என்றார். மூன்று நாள் கழிந்தது, பையன் சாகவில்லை. அந்தத் தாய் அதோடு விடாமல், சூனியக்காரி என்று பட்டம் கட்டி அடித்துத் துரத்தப்பட்ட பெண்களுக்காகக் கடைசிவரை போராடினார். 2015-ல் அஸ்ஸாம் சட்டமன்றம் சூனியக்காரி வேட்டைக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2024-ல் காலமானார். 2022-ல் மட்டும் இந்தியாவில் சூனியத்தைக் காரணமாக வைத்து 85 கொலைகள் நடந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் முதலில் ஒரு பெயரைச் சொல்லியிருப்பார்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். சூனியக்காரி வேஷம் போடுகிற பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விட, பாட்டியோடு இருக்கிற பிள்ளையாக இருக்கலாம். மற்ற ஆட்டங்களில் சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளையாக இருக்கலாம். வகுப்பில் ஒருவரும் மதிக்காதபோது, பயந்தாவது பார்க்கட்டுமே என்று அவள் நினைத்தால் அதில் என்ன அதிசயம்? சின்னப் பிள்ளைகளை அழவிட்டால் ஆசிரியர் கண்டிக்கட்டும், அது சரி. அதற்கு டி.சி. எதற்கு?

மயங்கி விழுகிற, உடம்பை முறுக்கிக்கொள்கிற பிள்ளையா? முதல் கேள்வி, காலையில் சாப்பிட்டாளா என்பது. அரசுப் பள்ளிக் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்காரி வெறும் வயிற்றோடு பிரேயரில் நிற்கிறாள். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள், அதனால் ரத்தம் பாருங்கள். வீட்டில் அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டம் நம்முடையது. வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளைக்குச் சாமி வந்தால்தான் வீட்டில் காது கொடுக்கிறோம் என்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். போக முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். பள்ளிச் சங்கடம் எதுவானாலும் 14417, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. மூன்றுக்கும் காசு கிடையாது. எலுமிச்சம்பழத்துக்கும் கோழிக்கும் கோடாங்கித் தட்சணைக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டையும் கீரையும் வாங்கலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பாட்டியும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருங்கள். உங்கள் மகளிடம், நாளை மதியம் அவளோடு சேர்ந்து சாப்பிடு என்று சொல்லி அனுப்புங்கள்.