ரெண்டு கம்பெனி கையில் இணையம்: ரீசார்ஜ் கட்டணம் ஏறுவது ஏன்? கிராமத்துக்கு ஃபைபர் வராதது ஏன்?

28 நாளைக்கு ஒரு ரீசார்ஜ். அப்படின்னா வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை.

2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒருநாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் தினமும் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாய் ஆனது. 60 ரூபாய்தானே என்று தோன்றலாம். ஆனால் 13 ரீசார்ஜுக்குக் கணக்குப் போட்டால் ஒரு சிம்முக்கு வருஷத்துக்கு 780 ரூபாய் கூடுதல். வீட்டில் நாலு செல்போன் இருந்தால் 3,120 ரூபாய்.

கோபத்தில் பலர் பி.எஸ்.என்.எல் பக்கம் போனார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் பி.எஸ்.என்.எல்லுக்கு சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடினார்கள். மற்ற மூன்று நிறுவனங்களும் வாடிக்கையாளர்களை இழந்தன. ஆனால் பல இடங்களில் 4ஜி இல்லாததால், அந்த அலை சில மாதங்களிலேயே அடங்கிவிட்டது.

விலை ஏறினால் வேறு கடைக்குப் போவதுதான் வழக்கம். செல்போன் விஷயத்தில் அந்த 'வேறு கடை' எங்கே போனது? விரிவாகப் பார்க்கலாம்.

பத்துக்கும் மேல் இருந்த நிறுவனங்கள் என்ன ஆச்சு?

ஏர்செல், யூனிநார், டாடா டோகோமோ, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், எம்.டி.எஸ். இந்தப் பெயர்களெல்லாம் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பெட்டிக்கடை தோறும் தொங்கியவை.

முதல் அடி 2012 பிப்ரவரியில் விழுந்தது. 2ஜி வழக்கில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு அலைக்கற்றையை ஏலத்தில்தான் வாங்க வேண்டும் என்றானது. ஒதுக்கீட்டில் வெளிப்படைத்தன்மை வந்தது உண்மை. ஆனால் பெரிய பணம் வைத்திருப்பவர்கள் மட்டுமே நிற்கக்கூடிய களமாகவும் அது மாறியது.

அடுத்தது 2016 செப்டம்பர் 5. ஜியோ அறிமுகமானது. அடுத்த ஆண்டு மார்ச் வரை பேச்சும் டேட்டாவும் இலவசம். ஒரு ஜிபி 200 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்த சந்தையில் இது பெரிய வெடி. கோடிக்கணக்கான பேர் முதன்முறையாக இணையத்துக்குள் வந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இலவசத்தோடு போட்டி போட, மற்ற நிறுவனங்களிடம் பணம் இல்லை.

2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் நின்றுபோனது தமிழ்நாட்டில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் இணைப்பு எல்லாமே அந்த நம்பரில். நம்பரை மாற்றக்கூட எஸ்.எம்.எஸ் வராமல் மக்கள் ஷோரூம் வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. அதே ஆண்டில் யூனிநாராக இருந்த டெலினார் ஏர்டெல்லோடு சேர்ந்தது. வோடபோனும் ஐடியாவும் ஒன்றாகின. 2019-ல் டாடாவும் ஏர்டெல்லிடம் போனது.

ஏஜிஆர்: மூன்றாவது நிறுவனத்தை முடக்கிய கணக்கு

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் ஒரு பங்கை அரசுக்கு உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். எதெல்லாம் 'வருவாய்' என்பதில்தான் பல ஆண்டுச் சண்டை. செல்போன் சேவையில் வரும் பணம் மட்டும்தான் என்றன நிறுவனங்கள். வட்டி, வாடகை, சொத்து விற்ற லாபம் எல்லாமே சேரும் என்றது அரசு.

2019 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று கணக்கு ஏறியது. வோடபோன் ஐடியாவின் பாக்கி சுமார் 58,000 கோடி ரூபாய். ஏர்டெல்லுக்குச் சுமார் 44,000 கோடி. 2016-ல் வந்த ஜியோவுக்குப் பழைய பாக்கி மிகக் குறைவு.

ஏர்டெல் தாக்குப்பிடித்தது. வோடபோன் ஐடியாவால் முடியவில்லை. 2021 செப்டம்பரில் மத்திய அரசு நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்தது. பிறகு பாக்கியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டது. 2025-ல் அந்த நிறுவனத்தில் அரசின் பங்கு 48.99 சதவீதம் ஆனது. மூன்றாவது நிறுவனம் பிழைக்க வேண்டும் என்று அரசே கைகொடுக்க வேண்டிய நிலை.

இன்று மொபைல், கேபிள் இரண்டையும் சேர்த்து இந்தியாவின் பிராட்பேண்ட் இணைப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜியோ, ஏர்டெல் இரண்டிடம் மட்டுமே உள்ளது.

டிராய் தடுக்க முடியாதா?

இது பலர் கேட்கும் கேள்வி. மொபைல் கட்டணத்தை நிர்ணயிப்பதில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிடுவதில்லை. நிறுவனங்களே விலை வைக்கலாம், பிறகு டிராய்க்குத் தெரிவித்தால் போதும். போட்டி இருக்கும், அதனால் விலை தானாக அடங்கும் என்ற நம்பிக்கையில் வந்த ஏற்பாடு இது. பத்து நிறுவனங்கள் இருந்தபோது அது வேலை செய்தது. இரண்டு, இரண்டரை நிறுவனம் இருக்கும்போதும் அதே விதிதான்.

ஜியோவின் இலவசத் திட்டத்துக்கு எதிராக ஏர்டெல் போட்ட புகாரை 2017-ல் இந்தியப் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது. புதிதாக வந்த நிறுவனம் சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் இடத்தில் இல்லை என்பதுதான் காரணம். அன்றைய கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் ஆதிக்கம் வந்த பிறகு, வெளியேறிய போட்டியாளர்கள் திரும்பி வரப்போவதில்லையே!

பி.எஸ்.என்.எல் ஏன் பின்தங்கியது?

தனியார் நிறுவனங்கள் 4ஜியில் ஓடிக்கொண்டிருந்தபோது, பி.எஸ்.என்.எல்லிடம் அதற்கான அலைக்கற்றையே இல்லை. 2019 அக்டோபரில்தான் அதை ஒதுக்க மத்திய அரசு முடிவெடுத்தது. அதன் பிறகும், உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில்தான் 4ஜி அமைக்க வேண்டும் என்ற நிபந்தனையால் மேலும் சில ஆண்டுகள் போயின. 2022-ல் 1.64 லட்சம் கோடி, 2023-ல் 89,047 கோடி ரூபாய் என மீட்புத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. நாடு தழுவிய 4ஜி சேவையை 2025 செப்டம்பரில்தான் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். அதற்குள் தனியார் நிறுவனங்கள் 5ஜியில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டன.

விலை மட்டும்தான் பிரச்னையா?

இல்லை. நாட்டில் பிராட்பேண்ட் இணைப்புகள் 90 கோடிக்கும் மேல் என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. இதில் கேபிள் அல்லது ஃபைபர் வழியாக வீட்டுக்கு வருவது சுமார் 4 கோடிதான். மற்றதெல்லாம் செல்போன் டேட்டா. வினாடிக்கு 2 மெகாபிட் வேகம் இருந்தாலே 'பிராட்பேண்ட்' என்பதுதான் 2023 முதல் இங்குள்ள விதி.

நகரங்களில் 100 பேருக்கு 100-க்கும் அதிகமான இணைய இணைப்புகள் உள்ளன. கிராமங்களில் அது 50-ஐக்கூடத் தொடவில்லை. வீட்டுக்குள்ளும் இடைவெளி இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, கிராமப்புற ஆண்களில் 48.7 சதவீதம் பேர் இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெண்களில் 24.6 சதவீதம்தான்.

இதெல்லாம் ரீல்ஸ் பார்க்கிற பிரச்னை இல்லை. 2023 ஜனவரி முதல், 100 நாள் வேலைக்கான வருகைப் பதிவு செல்போன் செயலியில் போட்டோவோடு போட வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் மண் வெட்டியவருக்கு, வேலை செய்தும் பதிவு ஏறாவிட்டால் கூலி சிக்கல். ரேஷன் கடையில் கைரேகை வைக்கவும் நெட் வேண்டும். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கும் நெட் வேண்டும்.

பாரத்நெட் எங்கே நிற்கிறது?

லாபம் இல்லாத ஊருக்கு ஃபைபர் இழுக்கத் தனியார் நிறுவனங்கள் வராது. அதைச் சரிசெய்யத்தான் நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் தனி நிதிக்காக வசூலிக்கப்படுகிறது. இப்போது அதன் பெயர் 'டிஜிட்டல் பாரத் நிதி'. வசூலாகும் பணம் நேராகத் திட்டத்துக்குப் போவதில்லை. அரசின் தொகுப்பு நிதிக்குப் போய், ஒதுக்கினால்தான் கிடைக்கும். வசூலானது முழுவதும் செலவிடப்படவில்லை.

2.5 லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. இதுதான் இன்றைய பாரத்நெட். சுமார் 2.14 லட்சம் ஊராட்சிகள் 'தயார்' என்று அரசு சொல்கிறது. ஆனால் கேபிள் ஊராட்சி அலுவலகம் வரை வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு யார் கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். பல இடங்களில் கேபிள் நேர்கோட்டில் போவதால், சாலை தோண்டும்போது ஓரிடத்தில் அறுந்தாலே அதற்கடுத்த ஊர்களும் அவுட். இதற்காக 2023-ல் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்திய திட்டம் வந்தது. கேபிளை வளையமாக அமைப்பது, 1.5 கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு கொடுப்பது ஆகியவை அதன் இலக்கு.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் உள்ளது. சுமார் 2,000 கோடி ரூபாய்க்கு விடப்பட்ட டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைத் தடுப்பதாகப் புகார் எழ, 2020 ஜூனில் மறு டெண்டர் விட மத்திய அரசு உத்தரவிட்டது. 2022-ல்தான் களப்பணி தொடங்கியது. கொரோனாவில் பிள்ளைகள் மொட்டை மாடியிலும் மரத்திலும் சிக்னல் தேடிய ஆண்டுகள் இந்தத் தாமதத்துக்குள்தான் வருகின்றன.

பக்கத்தில் கேரளா, கேஃபோன் என்ற சொந்த ஃபைபர் வலையமைப்பை 2023 ஜூனில் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. முதல் கட்டம் தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள்தான். அரசு செய்தால் எல்லாம் உடனே நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

சாட்டிலைட் இணையம் வந்தால் மாறுமா?

மலைக்கிராமங்களுக்கு உதவலாம். ஸ்டார்லிங்க் 2025-ல் இந்திய உரிமம் பெற்றது. ஆனால் அதன் சேவையை இங்கே விற்க 2025 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டவர்கள் யார் தெரியுமா? ஜியோவும் ஏர்டெல்லும்தான்.

கவனிக்க வேண்டியது என்ன?

வோடபோன் ஐடியா நிலைக்குமா, பி.எஸ்.என்.எல் 4ஜி சேவைத் தரம் எப்படி இருக்கும் என்ற இரண்டும்தான் அடுத்த கட்டண உயர்வின் அளவைத் தீர்மானிக்கும். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபைக் கூட்டத்தில் கேட்க மூன்று கேள்விகள் இருக்கின்றன. நம் ஊராட்சிக்கு ஃபைபர் வந்துவிட்டதா? அது இயங்குகிறதா? வீட்டுக்கு இணைப்பு வேண்டுமென்றால் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? கணக்கில் 'தயார்' என்று எழுதப்பட்ட ஊராக இருந்தால், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அதிகாரிகளுக்கு இருக்கிறது.