கண்காணாப் பணியும் பினாங்கு வீதியும்

கண்முன் இல்லாதவன் வேலை செய்யான் என்பது இன்று நிறுவன மேலாளர் பலருக்கு வேதவாக்காகிவிட்டது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வேறு வழியின்றி ஊழியரை வீட்டிலிருந்து பணியாற்ற விட்டவர்கள் இவர்கள். நோயச்சம் தணிந்ததும், தொலைவில் இருப்போர் கூடித் தொழில் நடத்துவது மேலைநாட்டார் கண்ட புதுவழக்கம், நமக்கு ஒவ்வாது என்று காரணம் கற்பிப்பாரும் உளர். ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டே இவ்வாறு கூறுவதுதான் வியப்பு. பினாங்கு வீதியின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு கூறத் துணியார்.

அவ்வீதியின் கிட்டங்கிகளில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளின் முதலாளிகள் பெரும்பாலும் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ இருந்தனர். இங்கே கடையை நடத்தியவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு, எந்த ஈட்டின்மேல் என்பவற்றை மேலாளே முடிவு செய்தார். அதற்கான அதிகாரப் பத்திரம் அவர் கையில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கப்பல் கொண்டுவரும் மறுமொழிக்குக் காத்திருந்தால், கடன் கேட்டு வந்தவன் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவான். ஒரே கூடத்தில் பல கடைகள் இருந்தன அல்லவா!

ஆயினும் முதலாளி குருடராக இருந்தாரில்லை. வரவும் செலவும் ஏட்டில் ஏறின. பேரேட்டிலிருந்து ஐந்தொகை கட்டப்பட்டது. கணக்கின் படி கடல் கடந்து ஊருக்குச் சென்றது. மேலாள் எத்தனை மணிக்குப் பெட்டியடியில் அமர்ந்தார் என்று தேவகோட்டையில் இருந்தவர் வினவி ஆகப்போவது ஒன்றுமில்லை. வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பதே வினா. மேலாளின் தவணை மூன்றாண்டு. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்றுக் கப்பலேறினார். தவணை முடிகையில் இலாபத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு. எழுத்து, வரையறுத்த காலம், ஊதியத்தில் பங்கு ஆகிய இம்மூன்றின்மேல்தான் கடல் கடந்த தொழில் நின்றது.

இன்று நடப்பது யாது? ஊழியர் சுட்டியை அசைக்கிறாரா, விசைகளைத் தட்டுகிறாரா என எண்ணும் மென்பொருள்கள் விற்பனையாகின்றன. சுட்டியைத் தானே அசைத்துக் காட்டும் கருவியும் அதே சந்தையில் கிடைக்கிறது! நாள்தோறும் காணொலிக் கூட்டம். அதில் எடுத்த முடிவையோ எவரும் எழுதி வைப்பதில்லை. ஆதலால் மறுநாளும் அதே பொருள்மேல் கூட்டம். இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்த நாள்களில், திரையில் முகம் தெரிவதும் பாடம் மனத்தில் ஏறுவதும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர்கள் நன்கறிந்தனர். அந்த அறிவு மேலாளர்களுக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

நகரத்தார் ஒரே குலத்தவர், உறவினர். அந்த நம்பிக்கையை இன்றைய நிறுவனத்தில் எதிர்பார்க்கலாமா எனக் கேட்பர். கேள்வியில் நியாயம் உண்டு. குலத்தில் கெட்ட பெயர் எடுத்தவனுக்கு வேறு கடையிலும் இடம் கிடைப்பது அரிது. அம்முறையைப் பொற்காலமாகப் புனைவதும் பிழை. மேலாளின் மனைவி ஆண்டுக்கணக்கில் ஊரில் தனித்திருந்தாள். அவள் இழப்பு எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை. எனினும் உறவே போதுமாயின், உறவினருக்கிடையே அத்தனை ஏடுகள் எதற்கு? உறவை நம்பியவர்களும் கணக்கை எழுதியே வைத்தனர்.

உறவும் இல்லாமல், ஊதியமும் இல்லாமல் நடந்த கூட்டுப்பணிக்கும் சான்று உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கினர். ஒருவர் தட்டச்சிட, வேறு நாட்டிலிருக்கும் இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள் இவர்களிற் பலர். தட்டச்சிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நூலின் முகப்பிலேயே குறிக்கப்படுகின்றன. எந்த மென்பொருள் இவர்களைக் காவல் காத்தது?

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே விடை தரவேண்டும். மறுத்தால் காரணமும் காட்டவேண்டும். கண்ணால் பார்க்க முடியாது என்பதை ஒரு காரணமாக எழுதும் கை சற்றே கூச வேண்டாமா?

தவணை முடிந்த மேலாள் உடனே கப்பலேறிவிடவில்லை. புதிய மேலாளிடம் ஏடுகளை ஒப்படைத்து, எவன் நாணயமானவன், எவன் நாள் கடத்துபவன், யாரிடம் எத்தனை நிலுவை என்று கடனாளி கடனாளியாகச் சொல்லிவிட்டே புறப்பட்டார். இன்றைய நிறுவனத்தில் விலகும் ஊழியரிடம் மடிக்கணினியைத் திரும்பப் பெற்று, கடவுச்சொல்லை மாற்றிவிடுகின்றனர். அவர் இடத்துக்கு வருபவர், முன்னவர் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முதல் வாரமே ஒரு கூட்டம் கூட்டுகிறார். விடை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.