கொலவெறியும் பேட்லாக் டைலரும்

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தமிழார்வலர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டார். தமிழ்ப் பாட்டு குட்டிச்சுவரானது 'கொலவெறி'யில இருந்துதானாம். அங்க பேசி வாய் வலிச்சதுதான் மிச்சம். அதனால இந்தப் பதிவு.

2011 நவம்பர் 16. தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையமைச்ச 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூப்ல வந்தப்போ நான் திருப்பூர்ல ஸ்கூல் பையன். அது பரவின வேகத்தை நான் சொல்லணுமா என்ன? அடுத்த மாசமே ஜப்பான் பிரதமருக்கு மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்கு தனுஷைக் கூப்பிட்டாங்க. இன்னொரு பக்கம் ஜாவேத் அக்தர் ட்விட்டர்ல வறுத்தெடுத்தார். தமிழைக் கொன்னுட்டான்னு யாழ்ப்பாணத்துல இருந்து பதில் பாட்டே வந்துச்சு.

அந்தக் கொலைக் கேஸைத்தான் என்னால ஒத்துக்க முடியல. இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னாடி ஒரு 'உ' சேர்க்கிறது தனுஷ் கண்டுபிடிச்சதா? எங்க ஊர் பனியன் கம்பெனிக்குள்ள வந்து பாருங்க சாமி. ஃப்ளாட்லாக் மெஷினுக்கு இங்க பேர் பேட்லாக். ஒத்தை ஊசி மெஷின்ல தைக்கிறவர் சிங்கர் டைலர், மெஷின் எந்தக் கம்பெனிதா இருந்தாலும். கட்டிங்கு, செக்கிங்கு, பீஸ் ரேட்டு, ஷிப்மெண்ட்டு... எட்டாவதோட நின்னவங்க ஷிஃப்ட் முழுக்க இதைத்தான் பேசறாங்க. எங்க தெருவுல ஓவர்லாக் தைக்கிற அக்கா ஒருத்தங்க அப்பவே கேட்டாங்க, "ஏங்கண்ணு, இதுல என்ன தப்புங்கறாங்க? நாம பேசறதைத்தானே அந்தத் தம்பி பாடுது?"

வடக்க கொஞ்சப் பேர் சிரிச்சது நம்ம இங்கிலீஷைப் பார்த்துத்தான். சிரிச்சுட்டுப் போகட்டும். சந்திரபாபு யோடலிங் பண்ணினப்போ சாகாத தமிழ் இதுலயா சாகும்?

எனக்கும் அந்தப் பாட்டு மேல கோவம் உண்டு, ஆனா வேற கோவம். ஒரு பொண்ணு வேணாம்னுட்டா. உடனே கொலவெறிங்கற பட்டம் அவளுக்கு, கையில கிளாஸோட பரிதாபம் பையனுக்கு. பத்தாததுக்கு அவ தோல் நிறத்தை வச்சு மனசையும் அளந்தாச்சு. இதையே செந்தமிழ்ல எழுதியிருந்தா நம்ம ஆர்வலர்கள்ல பாதிப் பேர் கைதட்டியிருப்பாங்க.

அந்த அக்காவோட பொண்ணு செக்கிங்ல இருந்தா. ஒரு பையன் ரெண்டு மாசம் பின்னாடியே சுத்தினான். அவ முடியாதுன்னதும் ஃப்ரெண்ட்ஸோட தெருமுனையில நின்னுக்கிட்டு, அவ ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துல தினமும் இந்தப் பாட்டைப் பாடினான். தெருவே சிரிச்சுது. டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து நானும் சிரிச்சேன். ஒரு வாரம் கழிச்சு அவ அந்த வழியா வர்றதையே விட்டுட்டா. ஓடையோரமா இருட்டுல சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போனான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

இதைக் குரூப்ல எழுதினேன். ஆர்வலர் பதில்: "அது சும்மா தமாஷ் தம்பி, மொழியைப் பத்திப் பேசுங்க."

டிஸ்கி: மெட்டு எனக்கு இன்னும் பிடிக்கும். பஸ்ல போட்டா விரல் தன்னால தாளம் போடுது, என்ன பண்றது :(