வாராத வண்டிக்குக் காத்திருந்தோர்

இன்னும் விற்பனைக்கு வாராத ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஏறத்தாழ மூன்றாண்டு காலம் ஓயாது பேசியும், படம் பார்த்தும், பணம் சேர்த்தும் காத்திருந்த மக்கள் உளர் என்றால் நம்மிற் பெரியோர் பலர் நகைப்பர். வேலையற்றோரின் வீண் ஆசை என ஒரே சொல்லில் முடித்துவிடுவாருமுளர். அங்ஙனம் முடித்துவிடத்தக்க பொருளன்று இது என்பதே என் கருத்து. தமிழாசிரியனுக்கு இயந்திர ஊர்தியோடு என்ன வழக்கு என்று வினவுவார்க்கும் ஒன்று கூறுவேன். நம் வகுப்பறையின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் கொப்பியின் பின்னட்டையில் வரைவது மோட்டார் சைக்கிளையே. அவன் எதனை விரும்புகின்றான், ஏன் விரும்புகின்றான் என்று அறிய முயலாத ஆசிரியன், அவனுக்கு வேறொன்றை விரும்பக் கற்பித்தல் அரிது.

நான் கூறவந்த வண்டி யமஹா நிறுவனத்தாரின் தெனெரே 700 என்பது. 2016 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மிலான் நகரில் ஆண்டுதோறும் நிகழும் கண்காட்சியிலே, ரீ 7 என்னும் பெயரோடு அதன் முன்மாதிரி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே மேடையில் இன்னுமொரு முன்மாதிரி வந்தது. 2018 ஆம் ஆண்டில் அம்முன்மாதிரியைப் பல கண்டங்களுக்குங் கொண்டுசென்று ஓட்டிக் காட்டினர். அவ்வாண்டு நவம்பரிலேதான் விற்பனைக்குரிய இறுதி வடிவம் வெளிவந்தது. 2019 மார்ச்சு மாதத்தில் ஐரோப்பாவில் முன்பதிவு தொடங்கிற்று. அமெரிக்கர் 2020 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்துணைக் காலம் எதற்காகக் காத்திருந்தனர்? பாதையிலும் பாதையல்லாத இடத்திலும் செல்லவல்ல நெடும்பயண வண்டிகள் காலப்போக்கில் இரு துருவங்களாகப் பிரிந்துவிட்டன. ஒருபுறம் பெரியவை. பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் 2018 இல் அறிமுகஞ் செய்த ஆர் 1250 ஜீ.எஸ். வண்டி 1254 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 249 கிலோகிராம் எடையுமுடையது. யமஹாவின் பெரிய சூப்பர் தெனெரேயோ 261 கிலோகிராம். நெடுஞ்சாலையில் இவை யானை நடை நடக்கும். மணலிலே சாய்ந்துவிட்டாலோ தனியொருவன் தூக்கி நிறுத்துதல் பெரும்பாடு. மறுபுறத்திலுள்ள ஒற்றையுருளைச் சிறு வண்டிகள் ஒழுங்கையிலும் காட்டிலும் முயல்போல் ஓடும். இரண்டு பயணப் பைகளைக் கட்டி நாளொன்றுக்கு ஐந்நூறு கிலோமீற்றர் ஓட்டினால் வண்டியும் மனிதனும் ஒருங்கே களைப்பர். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்ற எக்ஸ்.ரீ. 660 தெனெரே என்ற வண்டியும் ஐரோப்பியப் புகைவிதிகள் இறுகியபோது, 2016 ஆம் ஆண்டளவில், மறைந்துபோயிற்று. நடுவிடம் வெறுமையாயிருந்த அக்காலத்திலேதான் மிலானில் அந்த முன்மாதிரி தோன்றியது. அதைக் கண்டோர் ஆரவாரித்ததில் வியப்பில்லை.

நிற்க. தெனெரே என்பது கடைவீதிக்காகப் புனைந்த பெயரன்று. நைஜர் நாட்டின் வடகிழக்கே பரந்துகிடக்கும் மணற்பாலையின் பெயர் அது. துவாரெக் மக்கள் மொழியில் பாலை, வெட்டவெளி என்று பொருள்படும். அப்பாலையின் நடுவே ஒரேயொரு வேலமரம் நெடுங்காலம் நின்றது. சூழ நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு வேறு மரமே இல்லை. 1938 - 39 இல் அதனருகே கிணறு தோண்டியவர்கள், அதன் வேர் முப்பது மீற்றருக்கும் கீழே சென்று நீரைப் பற்றியிருக்கக் கண்டனர். ஒட்டகக் கூட்டங்களுக்கு வழிகாட்டியாயிருந்த அம்மரத்தை 1973 ஆம் ஆண்டில் ஒரு லொறி மோதி வீழ்த்தியது. மோதுதற்கு வேறொன்றுமில்லாத வெளியில் இருந்த ஒரே மரத்திற் போய் மோதினான் ஒரு சாரதி! பட்ட மரத்தை நியாமே நகரத்து நூதனசாலைக்குக் கொண்டுபோய் வைத்தனர். அது நின்ற இடத்தில் இப்போது இருப்பது ஓர் உலோகக் கம்பம்.

இப்பெயர் வண்டிக்கு வந்த வரலாறு பரிஸ் - டக்கார் ஓட்டப் பந்தயத்தோடு கூடியது. 1977 ஆம் ஆண்டில் அபிஜான் நகரிலிருந்து நீஸ் நகருக்குச் சென்ற பந்தயமொன்றிற் பங்குபற்றிய தியெரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் பாலையில் வழிதவறி, சாவின் வாயிலிலிருந்து மீட்கப்பட்டார். வேறொருவராயின் அத்திசையையே மறந்திருப்பர். அவரோ 1978 டிசம்பர் 26 ஆம் நாள் பரிஸ் நகரிலிருந்து டக்காருக்கு ஒரு பந்தயத்தையே தொடக்கிவைத்தார். முதற் பந்தயத்தில் வென்ற சிரில் நெவே ஓட்டியது யமஹா எக்ஸ்.ரீ. 500. அவ்வெற்றிகளின் வழிவந்ததே 1983 ஆம் ஆண்டின் முதலாவது தெனெரே. அதன் எண்ணெய்த் தாங்கி ஏறத்தாழ 30 லீற்றர் கொள்ளும். அத்தாங்கியின் பருமனே, எண்ணெய் நிலையமில்லாத நாட்டுக்குப் போகலாம் என்று இளைஞர்க்குச் சொல்லியது. ஆகவே 2016 இல் மிலானிற் கூடிய நடுவயதினர் பலர் ஒரு புதிய வண்டியை மாத்திரம் பார்க்கவில்லை; தாம் பதினைந்து வயதில் சுவரில் ஒட்டிவைத்த படத்தையும் பார்த்தனர்.

ஆக்குவோர் இங்ஙனம் நீண்டகாலம் ஆசைகாட்டி நிறுத்துதல் முறையோ என்பது ஒரு கேள்வி. முதன்முறை முன்மாதிரியைக் காட்டியதில் குற்றமில்லை. மக்கள் இதனை விரும்புவரோ என்று அறிதற்கு அதுவும் ஒரு வழி. விருப்பத்தை ஐயமற அறிந்த பின்னரும், மறுபடி ஒரு முன்மாதிரி, அதன்பின் உலகப் பயணம் என்று இழுத்தடித்தது எனக்கு உவப்பானதன்று. எடை என்ன, விலை என்ன, எந்த மாதம் வரும் என்ற மூன்றையுமே ஓட்டுவோர் கேட்டனர். விடையாகப் பெற்றவை அழகிய படங்கள். கலியாணம் பேசிய பின்னர் நாள் குறியாது இழுக்கும் வீட்டாரை நாம் என்ன சொல்வோம்?

எனினும் அக்காத்திருப்பு வீண்போகவில்லை என்றே கொள்ளவேண்டும். பொருள் கையிற் கிடைக்காத காலத்திலேதான் மனிதன் தனக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்தறிகின்றான். காத்திருந்தோர் தமக்குள் ஆராய்ந்து, கூட்டியும் கழித்தும், ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். பரிவலு எண்பதானாலென்ன எழுபதானாலென்ன, எடை குறைக. மின்னணுச் சூழ்ச்சிகள் பல வேண்டா; ஊரில்லா இடத்தில் ஒரு சிறு உணரி பழுதுற்றால் அதனை ஆராயும் கணினிக்கு எங்கே போவது? வழியிலுள்ள எளிய கொல்லனும் கைவைக்கத்தக்கதாய் இருக்கட்டும். விலையும் நடுத்தரமாயிருக்கட்டும். நம்மிலக்கணத்தில் முல்லைக்கு இருத்தலும் பாலைக்குப் பிரிதலும் உரிப்பொருளாகக் கூறப்பட்டன. புறப்பட்டுப் போவோனைப் பாலையில் வைத்த புலவர், பொறுத்திருப்போரை முல்லையில் வைத்தனர். பாலையின் பெயர்கொண்ட வண்டியை வாங்குதற்கு முன் இவர்கள் மூன்றாண்டு முல்லையில் இருந்தனர் என்று நான் வகுப்பிற் சொன்னபோது மாணவர் சிரித்தனர். ஆனால் உரிப்பொருள் இரண்டையும் அவர்கள் அதன்பின் மறக்கவில்லை.

வந்த வண்டி அவர்கள் கேட்டதற்குப் பெரும்பாலும் ஒத்திருந்தது. இரட்டையுருளை இயந்திரம் 689 கன சென்ரிமீற்றர். ஏறத்தாழ 73 பரிவலு. இது புதிதாக ஆக்கியதன்று. 2014 முதல் எம்.ரீ. 07 என்னும் சாலை வண்டியில் ஓடிப் பழகியது. விலை கட்டுக்குள் நின்றமைக்கு அதுவே தலையான காரணம். அமெரிக்காவில் அப்போது 9,999 டொலர். எண்ணெயும் நீரும் நிறைந்த நிலையில் எடை 204 கிலோகிராமளவில். தாங்கி 16 லீற்றர். நிலத்துக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 240 மில்லிமீற்றர். சில்லு வழுக்காமற் காக்கும் மின்னணுக் காவலோ ஓட்டும் முறைகளைத் தெரியும் பொத்தான்களோ இல்லை. தடை இறுகிப்பூட்டாமற் காக்கும் கருவி ஒன்றுண்டு. வேண்டாவிடத்து அதனையும் நிறுத்திவைக்கலாம். அதே காலத்தில் கே.ரீ.எம். நிறுவனத்தார் விற்ற 790 அட்வென்ச்சர் வலுவிலும் கருவிகளிலும் மேம்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டு அதுவே சிறந்ததென்பார் பலர். அவர் கூற்றிலும் நியாயமுண்டு. என் மனம் எளியதன் பக்கமே சாய்கின்றது.

இத்தகைய வண்டியை வாங்குவோரிற் பெரும்பாலார் பாலையைக் காணப்போவதில்லை, கந்தோருக்கும் கடைக்குமே ஓட்டுவர் என்பது பலர் கூறும் குறை. இருக்கட்டுமே! அலமாரியில் உள்ள அகராதியை முழுவதும் படித்தவர் எத்தனை பேர்? வேண்டிய நாளில் எடுக்கலாம் என்பதற்காகவே அதனை வைத்திருக்கின்றோம்.

இதனிலும் கனமான ஒரு தடையுண்டு. பாலையைக் கடத்தலை விளையாட்டாகக் கொள்ளுதல் வசதியுள்ளோரின் செருக்கு என்பது. இதனை நான் எளிதில் தள்ளமாட்டேன். 2013 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நைஜர் நாட்டின் வடபாலையில் 92 பேரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பாலார் பெண்களும் பிள்ளைகளும். அல்ஜீரியாவை நோக்கிச் சென்ற லொறிகள் பழுதுற, நீரின்றி நடந்து மாண்டவர்கள். பந்தயத்தாலும் உயிர்கள் போயின. சபீன் அவர்களே 1986 சனவரியில் மாலி நாட்டிற் பந்தயத்தின்போது உலங்குவானூர்தி விழுந்து இறந்தார். அங்கு வாழும் மக்களின் நிலப்பெயரையும் குலப்பெயரையும் எடுத்துத் தம் வண்டிகளுக்குச் சூட்டிக்கொள்ளும் பெருநிறுவனங்கள், அம்மக்களின் கிணறுகளை நினைக்கின்றனவோ என்று கேட்டல் தகும்.

பயணம் என்னுஞ் சொல் நம்மவர்க்கும் இன்பமாக மாத்திரம் ஒலிப்பதன்று. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அவ்வூர் மீனவர் மீட்டனர். நம் பழைய மாணவர் ஒருவர், கனடாவில் வாழ்பவர், இவ்வண்டிக்காகக் காத்திருந்து வாங்கியவர், சென்ற விடுமுறையில் வந்து என்னைக் கண்டார். நோவா ஸ்கோசியாவிலிருந்து கப்பலில் வண்டியை ஏற்றி நியூபவுண்லாந்துக்குச் சென்று, அத்தீவைக் குறுக்கே கடந்து, அத்தென்கிழக்குக் கரைவரை போய்வந்ததைச் சொன்னார். "ஐயா, மூன்று வருடம் இந்த வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்றபோது அந்த நினைவே வரவில்லை. கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் தந்தையார் தலைமுறையினர் அகதியாய்க் கிடந்த கடலுக்கு அவர் தம் விருப்பத்தாற் சென்று, தாமே திரும்பி வந்தார். விருப்பத்தாற் போய் விருப்பத்தால் திரும்புதல் ஒரு பெரும்பேறு. அதனைச் செருக்கென்று தூற்ற எனக்கு நா எழவில்லை.

வண்டியில் எனக்குக் குறையொன்றுண்டு. இருக்கை நிலத்திலிருந்து 875 மில்லிமீற்றர் உயரம். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள நம்மவர் ஒருவர் இரு காலையும் ஊன்ற வேண்டுமாயின் விரல்நுனியே நிலந்தொடும். தாழ்ந்த இருக்கை தனியே விற்பனைக்குண்டு என்பது உண்மையே. முதலிலேயே தாழ்த்தி வைத்திருக்கலாகாதோ? கரடுமுரடான வழியில் நிறுத்தி எழும்போதே பெரும்பாலும் வண்டி சாயும்; ஓடும்போதன்று.

2025 ஆம் ஆண்டுக்குரிய வடிவத்தில் அவ்வெளிமையும் சிறிது கரைந்துவிட்டது. கைப்பிடியிலிருந்து இயந்திரத்துக்குச் சென்ற கம்பிவடம் நீங்கி மின்வழிக் கட்டுப்பாடு வந்துளது. பெரிய வண்ணத் திரையும், முன்னர் இல்லையென்று பலர் மகிழ்ந்த வழுக்கற் காவலும் ஏறியுள்ளன. புகைவிதிகள் மேலும் இறுகியதால் இவற்றிற் சில தவிர்க்கவொண்ணாதவை என்பர்; திரை அத்துணைப் பெரிதாயிருக்க எந்த விதியுங் கட்டளையிட்டதாகத் தெரியவில்லை. 2019 ஆம் ஆண்டு வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, புதியதற்கு மாற்ற மனமின்றி, பழைய கம்பிவடத்துக்கு எண்ணெயிட்டுக்கொண்டிருப்பாரை நான் குறைகூற மாட்டேன்.